தோணல மாப்ள

திருநகர் மூன்றாவது ஸ்டாப் பக்கம் ஒரு மொட்டைமாடி, சனிக்கிழமை இரவு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நண்பர்கள். அதில் ஒருவர் ஆறு மாதமாகக் குடிப்பதில்லை. சபதம் எடுக்கவில்லை, மாலை போடவில்லை. வழக்கம்போல வருகிறார், சுண்டலைக் கொறிக்கிறார், பன்னீர் சோடாவோடு கடைசிவரை உட்கார்ந்திருக்கிறார். "ஒரு கட்டிங்கூட வேணாமா?" என்று கேட்டால், "தோணல மாப்ள" என்கிறார்.

அந்தத் 'தோணல'யை மூளையறிவியல் முக்கியமாக எடுத்துக்கொள்கிறது. ஒன்றை வேண்டுவதும் அதில் இன்பம் காண்பதும் மூளைக்குள் வெவ்வேறு வேலைகள் என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டெர்ரி ராபின்சனும் கென்ட் பெரிட்ஜும் 1993இல் எழுதினார்கள். டோபமின் கிளப்புவது பெரும்பாலும் வேட்கையைத்தான். பல ஆண்டு குடித்தவருக்கு இன்பம் தேய்ந்திருக்கும். ஆனாலும் அதே மாடி, அதே முகங்கள், கிளாஸில் ஐஸ் விழும் சத்தம் போதும், வேட்கை எழுந்துவிடும். "ஜமாவை விட்டாத்தான் குடி விடும்" என்று வீட்டில் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் நாற்பது வயதுக்காரரிடம் இருக்கிற நாலு நண்பர்களையும் விடச் சொன்னால், அந்தத் தனிமையே அவரைக் கடைக்கு அனுப்பலாம்.

வேட்கையைக் குறைக்க மருந்து உண்டு. நால்ட்ரெக்சோன் 1994இல் அமெரிக்காவில் இதற்காக அனுமதி பெற்றது. குடிக்கும்போது மூளையில் சுரக்கும் எண்டார்பின் போய் ஒட்டும் இடங்களை அது அடைத்துவிடுகிறது. குடித்தும் பரிசு கிடைக்காதபோது, பழக்கம் மெல்லத் தளர்கிறது. ஈரல் பாதிப்பு உள்ளவர்களுக்கு டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும்; ஓபியம் வகை வலிமருந்து எடுப்பவர்களுக்குத் தரவே கூடாது.

நீரிழிவுக்குத் தரும் செமாகுளுடைடை, குடிப்பழக்கம் உள்ள 48 பேரிடம் ஒன்பது வாரம் சோதித்த அமெரிக்க ஆய்வு 2025இல் வெளியானது. வேட்கை குறைந்தது. குடித்த நாள்களின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. குடித்த நாளில் உள்ளே போன அளவு குறைந்தது. சிறிய ஆய்வுதான், குடிக்கென்று அந்த மருந்துக்கு இன்னும் அனுமதி இல்லை. ஆனாலும் நம் மொட்டைமாடிக்கு இது நெருக்கமான செய்தி.

மனசை உறுத்துவது வேறொன்று. "அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்ற சுவரொட்டியை நம்பி, குழம்பில் பொடி கலக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அதில் டைசல்பிரம் இருந்தால் ஆபத்து. 1948இல் டென்மார்க் ஆய்வாளர்கள் அறிவித்த அந்த மருந்து ஆசையைத் தொடுவதே இல்லை. அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும், உயிரே போகலாம். தெரிந்து, சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் எடுக்க வேண்டிய மருந்து அது. அம்மாக்களே, அக்காமார்களே, தயவுசெய்து கலக்காதீர்கள்.

தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்துவதும் கூடாது. கை நடுங்கும், ஓரிரு நாளில் வலிப்பு வரலாம், பிறகு புத்தி தடுமாறி இல்லாத உருவங்கள் தெரியலாம். அவர் ஆஸ்பத்திரி மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். எங்கே போவது என்று தெரியாதவர்கள் டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மாடியில் இருக்கும் மற்ற நால்வருக்கும் ஒரு வேலை இருக்கிறது: சோடா பாட்டிலை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்வது.