ஏரி வாரியமும் யூரியா மூட்டையும்

உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இருப்பதை நேயர்கள் அறிவார்கள். குடத்தில் ஓலையிட்டு ஸபையோரைத் தேர்ந்த அந்தப் பெருமையை மேடைதோறும் பேசுகிறோம். ஆனால் 921-ஆம் வருஷத்துச் சாசனப்படி தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஆறு பேர் ஏரி வாரியத்தார் என்பதை நினைப்பவர் சிலரே. அவர்கள் பதவி 360 நாள். கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் மறுபடி இடமில்லை!

அவர்கள் காத்த வைரமேக தடாகம் இன்றும் இருக்கிறது. அன்று ஏரிக்குப் பகை வண்டல். அது கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைய பகையோ ஜலத்தில் கரைந்து வருகிறது.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. நெற்பயிர் அதில் பாதியைக்கூடப் பெரும்பாலும் உட்கொள்வதில்லை. எஞ்சியதில் ஒரு பகுதி ஆவியாகிறது. ஒரு பகுதி நைட்ரேட்டாக மாறி மண்ணில் இறங்கிக் கிணற்றை அடைகிறது. ஒரு பகுதி வரப்பைத் தாண்டிக் கீழ் ஏரிக்கு ஓடுகிறது. அங்கே பாசியும் ஆகாயத்தாமரையும் அதைத் தின்று கொழுக்கின்றன. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் கூடாதென்பது நம் நாட்டு விதி. மிஞ்சிய ஜலத்தில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தி குன்றி உடல் நீலம் பாரிக்கக்கூடும்.

இதற்கு மேல் மழையின் போக்கும் மாறிவருகிறது. ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் ஆகாயம் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு அதிக நீராவியைத் தாங்குகிறது. ஆகவே பெய்தால் கொட்டுகிறது. 2015-ஆம் வருஷம் கார்த்திகையில் இந்த ஜில்லா பட்ட பாட்டை யார் மறப்பார்? உரமிட்ட மறுநாள் அத்தகைய மழை வந்தால் குடியானவன் பணம் கலங்கல் வழியே போய்விடும். அவன் மீண்டும் ஒரு மூட்டை வாங்குவான். சர்க்கார் மானியத்தால் மலிவாகக் கிடைக்கும் பொருளில் சிக்கனம் எளிதில் வருவதில்லை. அவனை மட்டும் குறை சொல்வது நியாயமன்று.

வழி இல்லாமல் இல்லை. யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நான்கு, வேப்பம் பிண்ணாக்கு ஒன்று என்று கலந்து ஓர் இரவு வைத்திருந்து இட்டால் சத்து மெள்ள மெள்ள வெளிப்படும். ஒரே தடவையில் கொட்டாமல் நான்கு தவணையாகப் பிரிக்கலாம். இலை வண்ண அட்டையைப் பயிரோடு ஒப்பிட்டுத் தேவையானபோது மட்டும் இடலாம். வானிலை அறிக்கை கனமழை என்றால் இரண்டு நாள் பொறுப்பதற்குச் செலவே இல்லை.

ஆயினும் மேல் ஊரார் பொறுக்காவிட்டால் கீழ் ஊரார் என்ன செய்வார்கள்? 2000-ஆம் வருஷத்துச் சட்டப்படி அமைந்த பாசன விவசாயிகள் சங்கங்கள் மதகையும் முறைப்பாசனத்தையும் பேசுகின்றன. கிணற்று ஜலத்தின் பேச்சையும் அங்கே எடுக்கலாம். ஐப்பசி பிறக்குமுன் ஒன்று, தை பிறந்தபின் ஒன்று என இரு புட்டி ஜலத்தைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பி எண்களை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அதற்கும் பெயர் வாரியந்தான்.