மாமனும் மருகனும் இழந்த அரியணைகள்

அரியணையை இழந்த மன்னனுக்கு ஆயுள் நீளாது என்பது வரலாறு படிக்கும் நம்மிடம் ஊறிப்போன எண்ணம். தில்லி சுல்தான்களின் கதையும் பெரும்பாலும் அப்படியே செல்கிறது. கில்ஜி மரபின் முதல்வரான ஜலாலுத்தீன் 1296-இல் தம் சொந்த மருமகனாலேயே கொலையுண்டார். ஆயினும், பதினைந்தாம் நூற்றாண்டில் ஒரே பகைவரிடம் நாடிழந்த மன்னர் இருவர், அதன் பின்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தனர். அவ்விருவரும் மாமனாரும் மருமகனும் ஆவர்.

மாமனார், சையத் மரபின் இறுதி மன்னரான அலாவுத்தீன் ஆலம் ஷா. தில்லியைக் காட்டிலும் கங்கைக்கு அப்பாலுள்ள பதாயூன் நகரமே அவருக்கு உவப்பாயிருந்தது; 1448-இல் அங்கேயே சென்று தங்கிவிட்டார். தம் அமைச்சர் ஹமீத் கானைக் கொல்லக் கருதி, அதிலும் தோற்றார். தப்பிய அமைச்சர் தில்லியின் வாயிலைச் சர்ஹிந்தின் ஆப்கானியத் தலைவரான பஹ்லூல் லோடிக்குத் திறந்துவிட்டார். 1451 ஏப்ரலில் பஹ்லூல் முடிசூடினார். (வாயில் திறந்த அமைச்சரை அவர் விரைவிலேயே சிறையிலிட்டது வேறு கதை.)

பின்னர் பஹ்லூல் பதாயூனுக்குப் பணிவாகவே ஓலை விடுத்தார். ஆலம் ஷா அளித்த விடையைப் பாரசீக வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர்: தம் தந்தை பஹ்லூலை மகன் என்று அழைத்தவர், ஆகவே அவர் தமக்கு உடன்பிறந்தார் முறை, அரசை அவரே கொள்ளட்டும், தமக்குப் பதாயூன் போதும். இதனைக் கோழைமை என்பாரும் உளர். நமக்கோ இது நிலைமையறிந்த பேச்சாகவே தோன்றுகிறது. படையற்ற ஒருவரைக் கொல்வதால் பஹ்லூலுக்கு ஊதியம் ஏதுமில்லை. பழைய மன்னர் தாமே விட்டுக்கொடுத்தார் என்ற சொல்லோ புதிய மரபுக்குப் பெரும் பலம். 1478-இல் இறக்கும் வரை பதாயூன் ஆலம் ஷாவின் கையிலேயே இருந்தது.

அந்த அமைதி அவர் மகளுக்கு வாய்க்கவில்லை. அவர் ஜவுன்பூர் சுல்தான் ஹுசைன் ஷா ஷர்கியின் அரசியார். தந்தையின் தில்லியை மீட்குமாறு கணவரைத் தூண்டியவர் அவரே என்பர். ஹுசைன் பெரும்படையுடன் மீண்டும் மீண்டும் தில்லிமேல் சென்றார். மாமனார் மறைந்ததும் பதாயூனையும் கைப்பற்றினார். முடிவில், உடன்படிக்கை செய்து திரும்பும் வழியில் பஹ்லூலின் படை பின்னிருந்து தாக்கிற்று. கருவூலம் போயிற்று, அரசியாரும் சிறைப்பட்டார். பஹ்லூல் அவரை மட்டும் மரியாதையுடன் கணவரிடம் அனுப்பிவைத்தார். 1479-இல் ஜவுன்பூரும் வீழ்ந்தது.

ஹுசைன் அடங்கவில்லை. பீகாருக்குச் சென்று, அங்கிருந்து போரைத் தொடர்ந்தார். பஹ்லூல் 1489-இல் இறந்த பின்னும் அவர் மகன் சிக்கந்தருடன் பகை நீடித்தது. 1494-இல் காசிக்கு அருகே மீண்டும் தோல்வி. அப்பொழுது வங்காள சுல்தான் அவருக்குக் கங்கைக் கரையிலுள்ள கஹல்காவில் புகலிடம் தந்தார். லோடிகளின் பகைவர் ஒருவரைத் தம் எல்லையில் வைத்திருப்பது வங்காளத்துக்கும் ஏற்றதாயிருந்தது போலும்! அங்கே 1505 வரை வாழ்ந்தார்.

இசையில் பெரும் ஈடுபாடு உடையவர் ஹுசைன் ஷா. ஜவுன்பூரி ராகத்தை அவர் பெயரோடு இணைத்துக் கூறுவது இந்துஸ்தானி இசை மரபு. நம் கச்சேரிகளில் துக்கடாக்களிடையே ஜோன்புரி என்று நாம் கேட்பது, அவர் இழந்த அந்நகரின் பெயரேயாகும்.