சென்னையின் சுமையை யார் சுமப்பது?

சென்னையில் வளசரவாக்கத்திலோ விருகம்பாக்கத்திலோ சில மாதங்களேனும் தங்கியிருந்து, பின்னர் இந்நாடுகளை வந்தடைந்தோர் எம்மிடையே பலர் உளர். விசாவுக்காகக் காத்திருந்த அந்த இரவுகளில், கோயம்பேட்டுச் சந்தையை நோக்கி வரிசையாகச் சென்ற லொறிகளின் இரைச்சல் எமது உறக்கத்தைக் கலைத்ததுண்டு. அந்த லொறிகள் பகலில் ஏன் வருவதில்லை என்றோ, அவற்றிலிருந்து இறக்கப்பட்ட மூட்டைகள் விடிவதற்குள் எமது தெருமுனைக் கடைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தன என்றோ அன்று நாம் சிந்தித்ததில்லை.

நாம் மட்டுமன்று, நகரை ஆள்வோரும் அதனை அதிகம் சிந்தித்ததில்லை. வளர்ந்துவரும் நாடுகளின் மாநகரங்களில் போக்குவரத்து என்றதும் மனிதரின் பயணமே பேசப்படுகிறது. பேருந்து, பறக்கும் ரயில், மெட்ரோ ரயில் என்று திட்டங்கள் எழுகின்றன. ஆனால் அந்த மனிதர் உண்ணும் அரிசியும், கட்டும் வீட்டுக்கான மணலும் சீமெந்தும் எவ்வழியே வரவேண்டும் என்பது பின்தள்ளப்படுகிறது. இந்த மறதியின் விலை என்ன என்பதற்குச் சென்னையே தக்க சான்று.

அந்நகருக்கு ஒரு காலத்தில் நீர்வழி இருந்தது. 1806 ஆம் ஆண்டளவில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்ட கால்வாய், பின்னர் வடக்கேயும் தெற்கேயும் நீண்டு, ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீற்றர் தூரமுள்ள பக்கிங்ஹாம் கால்வாயாயிற்று. 1877-78 பெரும் பஞ்சத்தின்போது, நிவாரண வேலைக்கு வந்த ஏழை மக்களின் கைகளாலேயே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி தோண்டப்பட்டது. நெல்லும் உப்பும் விறகும் இவ்வழியே தோணிகளில் நகருக்கு வந்தன. நிலத்தில் பல மாட்டுவண்டிகள் இழுக்கவேண்டிய பாரத்தை, நீரிலே சில மனிதர் கரையோரம் நடந்து கயிற்றால் இழுத்துவிட முடிந்தது. அந்த உழைப்பு எளிதானதன்று. தோணி இழுத்த தொழிலாளரின் துயரைப் பாவேந்தர் பாரதிதாசன் 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதையிலே பாடியுள்ளார். சுமை எவ்வழியே போயினும் அதனைச் சுமப்பவர் யார் என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

1965, 1966 ஆம் ஆண்டுகளின் புயல்களில் கால்வாய் பெருஞ்சேதமுற்றது. பின்பு அது பழைய நிலைக்கு மீளவேயில்லை. நகருக்குள் அது கழிவுநீர் ஓடையாயிற்று. 1990களில் பறக்கும் ரயிலின் தூண்கள் அதன் படுகையிலேயே ஊன்றப்பட்டன. மனிதருக்கு ஒரு வழி பிறந்தது நல்லதே. ஆயினும் சுமைக்கு இருந்த வழி அதனால் மேலும் அடைபட்டது. 2008 இல் இந்திய அரசு இக்கால்வாயைத் தேசிய நீர்வழியின் ஓர் அங்கமாக அறிவித்தபோது, அந்தத் தூண்களினிடையே தோணிக்கு இடம் எங்கே என்ற வினா எழுந்தது. புகையிரதத்தின் கதையும் ஏறத்தாழ இதுவே. 1951 அளவில் இந்தியாவின் சரக்கில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சுமந்த புகையிரதம், இன்று மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சுமக்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி லொறியின் தலையில் ஏறியுள்ளது.

சந்தையும் இடம் மாறியது. துறைமுகத்தை அடுத்த கொத்தவால் சாவடியில் நெடுங்காலம் நடந்த காய்கறி மொத்த வியாபாரம், அங்கு நெரிசல் தாங்காமல் 1996 இல் கோயம்பேட்டுக்குப் பெயர்ந்தது. அன்று நகரின் விளிம்பாயிருந்த கோயம்பேட்டை நகர் விரைவிலேயே சூழ்ந்துகொண்டது. கொத்தவால் சாவடியின் நெரிசல் தீரவில்லை, முகவரியே மாறியது. முழு நகருக்கும் ஒரே வாயில் இருப்பதன் ஆபத்தை 2020 உணர்த்திற்று. கொரோனாத் தொற்றுப் பரவியதால் அவ்வாண்டு மே மாதம் சந்தை மூடப்பட்டு, காய்கறி வியாபாரம் நகருக்கு வெளியே திருமழிசைக்கு மாற்றப்பட்டது. செப்டெம்பரில் கோயம்பேடு திறக்கும் வரை சில்லறை வியாபாரிகள் அவ்வளவு தூரம் சென்றே சரக்கெடுத்தனர்.

துறைமுகத்துக் கொள்கலன் லொறிகளுக்காக மதுரவாயலிலிருந்து ஓர் உயர்மட்டச் சாலை அமைக்க 2009 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கூவத்தினுள் தூண்கள் எழுவதாகக் கூறி 2012 இல் அவ்வேலை நிறுத்தப்பட்டது. பாதியில் நின்ற தூண்களைச் சென்னை சென்ற எம்மவர் பலர் கண்டிருப்பர். 2022 இல் ஈரடுக்குச் சாலையாக, 20 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய நீளத்தில், மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. கால்வாய் ரயிலுக்குத் தூணிடமாயிற்று, ஆறு லொறிக்குத் தூணிடமாகிறது. அகலமான சாலை இன்னும் பல லொறிகளை வரவழைக்கும் என்பதும் பல நாடுகள் கண்ட உண்மை.

இத்தனையும் கடந்து வந்த மூட்டை, இறுதி இரண்டு மூன்று கிலோமீற்றரைக் கடப்பது யாரால்? பகலில் கனரக லொறிகளுக்குத் தடையுண்டு. சந்துகளில் அவை நுழையவும் இயலாது. அங்கே சுமப்பது மீன்பாடி வண்டிக்காரர். முன்னே தட்டும் பின்னே மிதியுமாய் அமைந்த அந்த மூன்று சக்கர வண்டியை மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்தவர்கள், பழைய ஸ்கூட்டர் எஞ்சினை அதில் பொருத்திக்கொண்டனர். சட்டம் அதை ஏற்பதில்லை. காவலரைக் கண்டால் ஒதுங்குவதும் அபராதம் செலுத்துவதும் அவர் வாழ்வாயிற்று. அவரின்றிக் கடை திறவாது என்பதைத் திட்டமிடுவோர் காண்பதில்லை.

மிதிவண்டியின் அருமை எமக்குத் தெரியாததன்று. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது, பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் விறகையும் மரக்கறியையும் நோயாளியையும் சைக்கிளே சுமந்தது. அது நாம் விரும்பி ஏற்ற வாழ்வன்று, எம்மீது சுமத்தப்பட்டது. ஆகவே, ஏழை என்றும் மிதித்தே சாகட்டும் என்று நாம் கூறமாட்டோம். இன்று நாம் வாழும் ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றில் பொதிகளை மின்கலம் பொருத்திய சுமைச் சைக்கிள்கள் கொண்டுசெல்கின்றன. இங்கே அது முன்னேற்றம் எனப் போற்றப்படுகிறது. அங்கே அதே தொழிலைச் செய்பவர் இடையூறு எனத் துரத்தப்படுகிறார். இருவருக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஒரு மின்கலமும் ஓர் உரிமமுமே.

செய்யமுடியாத காரியம் இதில் ஏதுமில்லை. டில்லியில் 2015 முதல் நகருக்குள் நுழையும் சரக்கு லொறிகளிடம் உச்ச நீதிமன்ற ஆணைப்படி சுற்றுச்சூழல் கட்டணம் அறவிடப்பட்டது. 2021 இல் மின்சாரத்தில் ஓடும் சிறு சரக்கு வாகனங்களுக்கு, நெரிசல் நேர நுழைவுத் தடையிலிருந்து அந்நகர் விலக்களித்தது. சென்னையும் தன் வண்டிக்காரருக்குத் தவணைக் கடனில் மின்வண்டியும், சட்டப்படியான உரிமமும், ஒவ்வொரு பகுதியிலும் சரக்கு இறக்க ஒரு சிறு திடலும் அளித்தால், பெரிய லொறி நகரின் நடுவே வரவேண்டிய தேவை குறையும். மொத்தச் சந்தையைப் புகையிரதப் பாதையின் அருகே அமைப்பதும், எஞ்சியுள்ள நீர்வழியை மேலும் அடைக்காதிருப்பதும் அடுத்த படிகள்.

திருமணத்துக்குச் சேலை எடுக்கவும், உறவினரைக் காணவும் எம்மவர் இன்றும் சென்னை செல்கின்றனர். தியாகராய நகரின் நெரிசலில் எமது வாடகைக் காரின் முன்னே மூட்டைகளுடன் ஒரு மீன்பாடி வண்டி நின்றால், சாரதியை ஹோர்ன் அடிக்கச் சொல்லுமுன் சற்றுப் பொறுப்போம். அந்த மூட்டைகளுள் நாம் மதியம் உண்ணப்போகும் சோற்றுக்கான அரிசியும் இருக்கக்கூடும்.