எண்ணுக்கு நிறம் உண்டா?

பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலையை அடுத்துள்ள ஊர் அரும்பாவூர். வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில் தெய்வ உருவங்களைச் செதுக்கும் சிற்பிகள் வாழும் ஊர் இது. இவ்வூர் மரச்சிற்பங்களுக்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவி ஒருவர், மரப் பிள்ளையார் ஒருவரின் நிழற்படத்தைக் கணிப்பொறித் திரையில் காட்டும் நிரல் ஒன்றைச் செய்முறைத் தேர்வுக்காக எழுதினார். அவருடைய மடிக்கணினியில் பிள்ளையார் மரத்துக்கே உரிய பழுப்பு நிறத்தில் அழகாகத் தோன்றினார். அதே நிரலை ஆய்வுக்கூடத்துக் கணிப்பொறியில் ஓட்டியபோதோ, பிள்ளையார் நீலமாகிவிட்டார்!

கண்ணனாக இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பிள்ளையாராயிற்றே! மாணவியின் முகம் வாடிவிட்டது. நானும் அவசரப்பட்டு, நிரல் தவறு என்று மதிப்பெண்ணைக் குறைக்கப் பேனாவை எடுத்துவிட்டேன். ஆனால் வரி வரியாகப் பார்த்தபோது கணக்கில் ஒரு பிழையும் இல்லை. படம் கெடவில்லை, திரையும் பழுதாகவில்லை. பின் அந்த நீலம் எங்கிருந்து வந்தது?

ஒரு துளி நீர் போதும்

விடை காண, முதலில் திரையை நெருங்கிப் பார்ப்போம். உங்கள் வீட்டுக் கைப்பேசியின் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வையுங்கள். குண்டூசித் தலையளவு நீர்த்துளி ஒன்றை விரல் நுனியால் அதன்மேல் வையுங்கள். துளி உருப்பெருக்கும் வில்லையாகிவிடும். வெள்ளை மறைந்து, சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் தெரியும். இம்மூன்றும் சேர்ந்த ஒரு தொகுதியே ஒரு படப்புள்ளி. இதனைப் பிக்சல் என்பர்.

மூன்று விளக்குகளின் ஒளியையும் தனித்தனியே கூட்டிக் குறைத்தால் வேண்டிய நிறம் கிடைக்கும். பெரும்பாலான திரைகளில் ஒவ்வொரு விளக்குக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். ஒரு விளக்கின் படியைக் குறிக்க 8 பிட்டுகள் தேவை; மூன்றுக்கும் 24. ஆகவே கிடைக்கக்கூடிய நிறங்கள் 256 × 256 × 256, அதாவது 1,67,77,216.

பிள்ளையாரின் பழுப்பு நிறத்தை எடுத்துக்கொள்வோம். சிவப்பு 150, பச்சை 100, நீலம் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். கணிப்பொறி இம்மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி ஒரே எண்ணாக்கிவிடுகிறது. சிவப்பை மேலிடத்தில் வைத்தால்,

150 × 65,536 + 100 × 256 + 60 = 98,56,060.

இதுதான் அம்மாணவியின் நிரல் நினைவகத்தில் எழுதிய எண். ஆய்வுக்கூடத்துத் திரையின் அமைப்போ மேலிடத்தில் நீலத்தை எதிர்பார்த்தது. ஆகவே அதே எண்ணை நீலம் 150, பச்சை 100, சிவப்பு 60 என்று படித்தது. பழுப்பு, நீலமாயிற்று.

திருமண அழைப்பிதழில் 5-6 என்று அச்சிட்டிருந்தால் நாம் ஜூன் 5-ஆம் நாள் என்போம். அமெரிக்காவில் இருப்பவர் மே 6-ஆம் நாள் என்பார். இருவரும் எண்ணைச் சரியாகத்தான் படித்தார்கள்; வரிசைதான் வேறு. திரையில் நடந்ததும் இதுவே.

எத்தனை வகை அமைப்புகள்?

வரிசை மட்டுமன்று, அளவும் மாறும். சில அமைப்புகளில் ஒரு படப்புள்ளிக்கு 16 பிட்டுகளே உண்டு. சிவப்புக்கு 5, பச்சைக்கு 6, நீலத்துக்கு 5. பச்சைக்கு மட்டும் ஏன் ஒன்று கூடுதல்? நம் கண் மஞ்சள் கலந்த பச்சை ஒளியை, ஏறத்தாழ 555 நானோமீட்டர் அலைநீளத்தில், மிக நுட்பமாக உணர்கிறது. மிச்சமிருந்த ஒரு பிட்டை அங்கே கொடுப்பதுதானே நியாயம்! இந்த அமைப்பில் 65,536 நிறங்கள் உண்டு. நம் பழுப்பு நிறம் இங்கே 18, 25, 7 என்று சுருங்கி, 37,671 என்ற எண்ணாகிறது.

இன்னொரு வகையில் ஒரு புள்ளிக்கு 8 பிட்டுகள்தாம். கோலம் போடுபவர் நிறப்பொடிக் கிண்ணங்களுக்கு எண் இட்டு வைப்பதைப் போன்றது இது. எண் எந்தக் கிண்ணம் என்று மட்டும் சொல்லும். கிண்ணத்தில் உள்ள நிறத்தை அட்டவணை சொல்லும். 1987-இல் ஐ.பி.எம். வெளியிட்ட வி.ஜி.ஏ. அமைப்பின் ஒரு முறையில், 2,62,144 நிறங்களிலிருந்து 256-ஐத் தேர்ந்துகொள்ளலாம்.

இத்தனை வகைகள் ஏன்? சிக்கனமே காரணம். 1920 × 1080 புள்ளிகள் கொண்ட திரைக்கு, புள்ளிக்கு 4 பைட் வீதம் 82,94,400 பைட்டுகள் வேண்டும். 16 பிட் அமைப்பில் இது சரிபாதி. மேற்சொன்ன வி.ஜி.ஏ. முறையில் 320 × 200 புள்ளிகளுக்கு 64,000 பைட்டுகளே போதும்.

கேட்டுவிட்டு வரைக

திரை எந்த வகை என்பதை நிரல் எவ்வாறு அறியும்? கேட்டுத்தான் அறிய வேண்டும். இதற்காகவே வரைகலை நிரலகங்களில் வினவும் வசதி உண்டு. சாம் லாண்டிங்கா 1998-இல் வெளியிட்ட எஸ்.டி.எல். என்னும் நிரலகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. புள்ளிக்கு எத்தனை பிட்டுகள், எத்தனை பைட்டுகள், ஒவ்வொரு நிறமும் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற விவரங்களை அது தரும். நிறத்துக்கு ஒன்றாக மூன்று மறைப்பெண்களையும் தரும்.

மறைப்பெண் என்பது என்ன? கொள்குறி விடைத்தாள் திருத்த ஆசிரியர்கள் துளையிட்ட அட்டை ஒன்றைத் தாளின்மேல் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். துளை வழியே வேண்டிய இடம் மட்டும் தெரியும், மற்றவை மறைந்துவிடும். மறைப்பெண் அத்தகைய அட்டையே. சிவப்பின் மறைப்பெண்ணை வைத்தால் சிவப்புக்குரிய பிட்டுகள் மட்டும் தெரியும். இவற்றை வைத்து நாமே கணக்கிடலாம். அல்லது 150, 100, 60 என்ற மூன்றையும் நிரலகத்திடம் கொடுத்தால், திரைக்கு ஏற்ற எண்ணை அதுவே ஆக்கித் தரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாம் ஓர் அமைப்பை வேண்டிக் கேட்டாலும் அதுவே கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. எனவே, திரையைத் திறந்த பின்னர், உண்மையில் கிடைத்தது எது என்று மறுபடியும் வினவ வேண்டும். மற்றொன்று: வினவுவதால் சிவப்பு சிவப்பின் இடத்துக்குப் போகும், அவ்வளவுதான். இரு திரைகளின் சிவப்பும் ஒரே சாயலாக இருக்கும் என்று கொள்ளக்கூடாது. அதற்குத் திரைகளை அளவிட்டுச் சீராக்க வேண்டும்.

அன்று மாணவி தம் நிரலில் திரையை வினவும் சில வரிகளைச் சேர்த்தார். பிள்ளையார் இரண்டு கணிப்பொறிகளிலும் பழுப்பு நிறத்தில் காட்சி தந்தார். நானும் பேனாவைத் திரும்ப எடுத்து முழு மதிப்பெண் இட்டேன். 98,56,060 என்ற எண் பழுப்புமன்று, நீலமுமன்று. அதைப் படிக்கும் முறை தெரிந்தால்தான் அதற்கு நிறம் உண்டு. இயற்பியலில் அலகு எழுதாத விடைக்கு மதிப்பெண் தருவதில்லை அல்லவா? நிரல் எழுதப்போகும் மாணவர்கள் இதனையும் அப்படியே நினைவில் கொள்வார்களாக!