இங்கிலாந்து போய்த் திரும்பி வந்த ஆசாத்தின் துப்பாக்கி!

மயிலம் முருகனைக் கும்பிட்டுவிட்டு மலையிறங்கி பஸ் ஏறினால், கொஞ்ச நேரத்தில் புதுச்சேரி. வ.வே.சு. ஐயர், வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்த ஊர். 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டபோது வாஞ்சியின் கையில் இருந்தது பிரௌனிங் கைத்துப்பாக்கி. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர்தான் இன்னொரு துப்பாக்கியையும் வடிவமைத்தார். அது சந்திரசேகர ஆசாத் வைத்திருந்த கோல்ட் பிஸ்டல்.

பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் ‘பரிசுத் துப்பாக்கி’ என்றால் தனி மரியாதை தருவார்கள். கோல்ட் கம்பெனியைத் தொடங்கிய சாமுவேல் கோல்ட்டே, 1854-ல் ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலஸுக்குத் தங்க வேலைப்பாடு செய்த ரிவால்வர்களைப் பரிசாகக் கொடுத்தவர். துருக்கி சுல்தானுக்கும் கொடுத்தார். அப்போது அந்த இரண்டு நாடுகளும் சண்டையில் இருந்தன. வியாபாரி அல்லவா! இப்படிப்பட்ட துப்பாக்கிக்கு மதிப்பு அதிலுள்ள தங்கத்தால் மட்டும் வருவதில்லை. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதில்தான் இருக்கிறது.

ஆசாத்தின் பிஸ்டலில் தங்கமும் இல்லை, வேலைப்பாடும் இல்லை. 1903-ம் வருட மாடல். ரிவால்வர்போல குண்டுகள் சுழலும் உருளை இதில் கிடையாது. கைப்பிடிக்குள் செருகும் மேகசினில் 8 குண்டுகள். சுத்தியல் வெளியே தெரியாது என்பதால் சட்டைப்பையிலிருந்து எடுக்கும்போது துணியில் சிக்காது. தலைமறைவாக வாழ்ந்தவருக்கு வேறென்ன வேண்டும்? அதற்கு ‘பம்துல் புகாரா’ என்று செல்லப் பெயர் வேறு வைத்திருந்தார் ஆசாத்.

1931 பிப்ரவரி 27. அலகாபாத் ஆல்ஃபிரட் பூங்காவில் போலீஸ் அதிகாரி நாட்-போவரின் படை அவரைச் சுற்றி வளைத்தது. உடனிருந்த தோழரைத் தப்பிக்கவைத்துவிட்டு, தனியாளாக நின்று சுட்டார் ஆசாத். உயிரோடு பிடிபடுவதில்லை என்று சபதம் எடுத்திருந்தவர், அப்படியே இறந்தும் போனார். வயது 24.

அந்தத் துப்பாக்கியைத்தான் பிறகு நாட்-போவருக்கே பரிசாகக் கொடுத்தார்கள். அவரும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார். 1953-ல் லண்டன் போலீஸ் கமிஷனராகும் அளவுக்கு உயர்ந்தார். செத்தவரின் உடைமையை எடுத்து, அவரைச் சுட்டவருக்குக் கொடுப்பதைப் பரிசு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு, அதைத் திருப்பிக் கேட்டு இங்கிருந்து கடிதங்கள் போயின. உத்தரப்பிரதேச அரசு முறைப்படி கேட்ட பிறகு கொடுக்கச் சம்மதித்தார். 1970-களில் பிஸ்டல் ஊர் திரும்பியது.

இதைப் படித்துவிட்டு தாத்தாவின் டிரங்குப் பெட்டியைக் கிளறுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பரம்பரைச் சொத்தாக வந்தாலும், சுடக்கூடிய துப்பாக்கிக்கு லைசென்ஸ் கட்டாயம். 2019 சட்டத் திருத்தப்படி ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. 100 ஆண்டு கடந்த தொல்பொருள் என்றால், 1972-ம் வருடச் சட்டப்படி தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது.

ஆசாத்தின் பிஸ்டல் இப்போது அலகாபாத் அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அந்த அருங்காட்சியகம் இருப்பது அதே பூங்காவுக்குள்தான். பூங்காவின் பெயர்தான் மாறியிருக்கிறது: சந்திரசேகர ஆசாத் பூங்கா.