பதினாறு வயது மூளையில் கஞ்சா

தேனி மாவட்டத்தின் வருசநாட்டு மலையிலும் மேகமலைச் சரிவிலும் திருட்டுத்தனமாகக் கஞ்சா பயிரிட்ட காலம் உண்டு. காவல்துறையும் வனத்துறையும் திரும்பத் திரும்ப மலையேறிச் செடிகளைப் பிடுங்கி எரித்ததில் அந்தச் சாகுபடி பெரிதும் ஒடுங்கியது. கஞ்சா ஒடுங்கவில்லை. இப்போது ஆந்திர மலைகளில் விளைந்தது கம்பத்துக்கு வந்து, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்துக்குக் கடத்தப்படுகிறது. சோதனைச்சாவடியில் பிடிபட்ட மூட்டையின் எடை மறுநாள் செய்தியாகிறது. வழியில் சில்லறையாகக் கைமாறும் பொட்டலங்கள் எத்தனை பள்ளிப் பையன்களிடம் போய்ச் சேர்கின்றன என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

"சரக்கடிச்சாத்தான் கெடுதல், இது மூலிகைதானே" என்பது அந்த வயதில் எளிதாக நம்பப்படும் பேச்சு. அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. மூச்சை இயக்கும் மூளைத்தண்டில், கஞ்சாவின் வேதிப்பொருள் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மிகக் குறைவு. அளவுமீறிக் குடித்தவர் மூச்சடங்கிச் சாவதுபோலக் கஞ்சா புகைத்தவர் சாவதில்லை. ஆனால் நினைவைப் பதிக்கும் பகுதியிலும், யோசித்து முடிவெடுக்கும் முன்மூளையிலும் அந்த ஏற்பிகள் ஏராளம்.

பெண்செடியின் பூக்கொத்தை உருப்பெருக்கியில் பார்த்தால், தலை தடித்த நுண்ணிய சுரப்பி மயிர்கள் பிசினோடு மினுங்கும். போதை அந்தப் பிசினில்தான். அதிலுள்ள ஓர் அமிலம் நெருப்புப் பட்டதும் டிஎச்சி என்ற போதை தரும் வேதிப்பொருளாக மாறுகிறது. 1964-இல் இஸ்ரேலில் விஞ்ஞானிகள் மெஷூலமும் கவோனியும் டிஎச்சியைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டறிந்தனர். அதே ஏற்பிகளைப் பற்றிக்கொள்ளும் ஆனந்தமைடு என்ற பொருளை மூளை தானே சுரக்கிறது என்பது 1992-இல் தெரியவந்தது.

பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயலில், போதுமானதும் ஆள் போய் மடையை அடைப்பார், வேண்டும்போது திறப்பார். நரம்பணுக்களுக்கிடையே ஆனந்தமைடு அப்படித்தான் வேலை செய்கிறது: செய்தி பெறும் அணு அதைச் சுரந்து, அனுப்பும் அணுவை அடக்குகிறது, வேலை முடிந்ததும் விரைவில் சிதைந்துவிடுகிறது. டிஎச்சியோ எல்லா மடைகளிலும் ஒரேயடியாகப் புகுந்து, மணிக்கணக்கில் அகல மறுக்கிறது. கொழுப்பில் தங்கி வாரக்கணக்கில் மெல்லக் கசியவும் செய்கிறது. முன்மூளை முதிர்ந்து முடிய ஏறக்குறைய 25 வயதாகும். அது உருவாகிக்கொண்டிருக்கும்போதே இந்தக் குறுக்கீடு நடக்கிறது.

ஸ்வீடனில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1987-இல் ஓர் ஆய்வு வெளியானது. ராணுவத்துக்கு அழைக்கப்படுமுன்பே 50 தடவைக்கு மேல் கஞ்சா புகைத்தவர்களுக்கு, புகைக்காதவர்களைவிட ஆறு மடங்கு அதிகமாக மனச்சிதைவு நோய் வந்திருந்தது. பிற காரணங்களைக் கழித்தபோது அந்த மடங்கு குறைந்தது, மறையவில்லை. புகைப்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதில்லை என்பதும் உண்மை. குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்தால் ஆபத்து கூடுகிறது.

"என்னையப் பத்தியே எல்லாரும் பேசுறாங்கம்மா" என்று பிள்ளை சொல்லத் தொடங்குவது இந்நோயின் அறிகுறியாக இருக்கலாம். அப்போது குறிசொல்லும் கோடாங்கியிடம் ஓடுவதில் மாதங்கள் கழிந்துவிடக் கூடாது. சிகிச்சை தாமதிக்கத் தாமதிக்கக் குணமாவது கடினமாகிறது. ஆஸ்பத்திரியில் சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு இதற்குப் பதில் வைத்திருக்கிறது: புகைத்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய, போதைக்கு அடிமையானவர்கூட, தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்று முடித்தால் அந்த வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சைக்குப் போக, தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆண்டிபட்டி சாலையில் கானாவிலக்கில் இருக்கிறது. நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.