மெருகேற்றும் முன் ஒரு நிமிடம்

மாதுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில், தாத்தாவின் கைக்கடிகாரம் இன்றும் பீரோவில் உறங்கிக்கொண்டிருக்கலாம். டயலில் 'ஃபேவர் லூபா' என்ற பெயர் இருப்பின், அதனைப் புதுப்பிக்கக் கொடுக்கும் முன் சற்று நிதானிப்பது நலம்.

தேவையில் பிறந்த வடிவங்கள்

விளையாட்டுக் கடிகாரத்தின் வடிவம் முதலில் அலங்காரத்திற்காகத் தோன்றியதன்று. 1926-இல் ரோலெக்ஸ் நிறுவனம் நீர் புகாத 'ஆய்ஸ்டர்' உறையை அறிமுகப்படுத்தியது. இந்தியாவில் போலோ ஆடிய ஆங்கிலேய அதிகாரிகளின் கடிகாரக் கண்ணாடிகள் ஆட்டத்தில் உடைந்தன. அக்குறையைத் தீர்க்க 1931-இல் உருவானதே, முகப்பை உட்புறமாகப் புரட்டி வைக்கக்கூடிய 'ரிவெர்சோ'. 1972-இல் ஜெரால்டு ஜென்டா வடிவமைத்த எண்கோண 'ராயல் ஓக்', எஃகால் ஆனதாயினும் பல தங்கக் கடிகாரங்களைவிடக் கூடுதல் விலைக்கு வந்தது. விளையாட்டுக் கடிகாரம் ஆடம்பரப் பொருளானதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

சுவிட்சர்லாந்தின் ஃபேவர் லூபா 1865-இலேயே பம்பாயில் கால் பதித்தது. உயரத்தைக் காட்டும் 'பிவுவாக்' 1962-இலும், கடலின் ஆழத்தைக் காட்டும் 'பாதி' 1968-இலும் அதன் படைப்புகளாக வெளிவந்தன. 2011-இல் அதனை வாங்கியது, ஓசூரில் ஆலை கொண்ட நமது டைட்டன் நிறுவனம். பின்னர் அது வேறு இந்திய நிறுவனத்தின் கைக்கு மாறியது.

'மும்பை ஸ்பெஷல்'

பழைய டயலுக்கு மீண்டும் வண்ணம் தீட்டி, பெயரைப் புதிதாக அச்சிட்டு, பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்து விற்கப்படுவனவற்றை உலகச் சேகரிப்பாளர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்கின்றனர். நின்றுபோன கடிகாரத்தை ஓட வைக்கும் கைத்திறன் பாராட்டுக்குரியதே. ஆயினும், மாற்றத்தை மறைத்து 'அசல்' என விற்றால் அது ஏமாற்று. கண்ணைப் பறிக்கும் புது வண்ணம், கோணலான எழுத்துகள், டயலில் 'ஆட்டோமேட்டிக்' என்றிருக்க உள்ளே கையால் சாவி கொடுக்கும் இயந்திரம் ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள்.

சேகரிப்பாளர் விலை கொடுப்பது பளபளப்புக்கன்று, மாறாத தன்மைக்கே. நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் 'டேடோனா' 2017-இல் நியூயார்க் ஏலத்தில் ஏறத்தாழ 1.77 கோடி டாலருக்கு விலைபோனது. அதன் பின்புறத்தில் அவர் மனைவி பொறிக்கச் செய்த வாசகம், அது யாருடையது என்பதற்குச் சான்றாக நின்றது. தாத்தாவின் கடிகாரத்திலுள்ள பொறிப்பையும் தேய்த்து அழித்துவிட வேண்டாம்.

கருத்தில் கொள்ள வேண்டியவை

தங்கத்திற்கு எடையும் மாற்றும் அன்றாட விலையும் உண்டு; கடிகாரத்திற்கு அத்தகைய பொது அளவுகோல் இல்லை. ஆகவே அதனை வைப்புநிதிக்கு மாற்றாக எண்ணலாகாது.

ரசீது, உத்தரவாத அட்டை, பெட்டி, பழுதுபார்த்த விவரம் ஆகியவற்றைப் பாதுகாத்து வையுங்கள். ரூ.10 லட்சத்திற்கு மேற்பட்ட கைக்கடிகாரத்திற்கு, 2025 ஏப்ரல் 22 முதல் விற்பனையாளர் 1% வரி வசூலிக்கிறார். அதனை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்து கொள்ளலாம். லாக்கரில் உள்ள பொருள்களை வங்கி காப்பீடு செய்வதில்லை. தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றில் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரையே. எனவே விலையுயர்ந்த கடிகாரத்திற்குத் தனிக் காப்பீடு எடுப்பது நன்று.

பழுது நீக்கக் கொடுக்கும்போது, "இயந்திரத்தைச் சுத்தம் செய்யுங்கள், டயலைத் தொட வேண்டாம்" என்று சொல்லிக் கொடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.